கால் சென்டர் வேலை மாறுகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் இரண்டு மாவட்டங்களிலும் டிகிரி முடித்தவர்களில் பலருக்கு முதல் வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஓசூரிலோ உள்ள கால் சென்டரில் கிடைக்கிறது. சேர்வது கடினமில்லை. நைட் ஷிஃப்ட், டார்கெட், தூரம் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஓராண்டு முடிவதற்குள் வேறு இடம் தேடுவதும் இந்தத் துறையில் சகஜம். ஆனால் வெளியே வரும் முறை தப்பிப் போனால், இன்டர்வியூவில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அடுத்த இடத்தில் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் வெரிஃபிகேஷனில் (சான்றிதழ், பழைய வேலை விவரம் சரிபார்ப்பில்) கழற்றிவிடுவார்கள். அது நேராமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகக் கீழே கொடுத்திருக்கிறோம். வேலை மாறும் எண்ணம் வந்த அன்றே இதைப் படியுங்கள். பேப்பர் போட்ட (ராஜினாமா கொடுத்த) பிறகு படித்தால் பாதி உதவாது.

1. முதலில் பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குங்கள்

வெரிஃபிகேஷனில் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இனிஷியலில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'சுரேஷ் எம்'. ஆதாரில் 'சுரேஷ் முருகன்'. பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்து 'முருகன் சுரேஷ்'. வங்கிக் கணக்கில் வெறும் 'சுரேஷ்'. நமக்கு நால்வரும் ஒருவர்தான். பி.எஃப். கணினிக்கு நான்கு பேர்.

ஆதார், பான், வங்கிக் கணக்கு, பி.எஃப். நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே நல்லது. பி.எஃப்.பில் தவறு இருந்தால் இப்போதைய கம்பெனியில் வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். திருத்தத்துக்குக் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படும் இடங்கள் உண்டு. விலகிப் போனவருக்காக அந்த ஒப்புதலைத் தேடித் தர எந்த எச்ஆரும் அவசரப்பட மாட்டார்.

கையில் இருக்க வேண்டிய மற்றவை: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள் முழுவதும், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், இப்போதைய வேலையின் ஆஃபர் லெட்டர், நியமனக் கடிதம், கடைசி மூன்று மாத பேஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட். பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் படித்து, பட்டமளிப்பு முடிந்தும் சான்றிதழ் வாங்காமல் இருப்பவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். வேலை கிடைத்த பிறகு சேலத்துக்கு அலைய நேரம் இருக்காது.

பேஸ்லிப்புகளை இன்றே டவுன்லோடு செய்து சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். கடைசி நாள் மாலையே கம்பெனி லாகின் நின்றுவிடும். அதன்பின் ஒரு பேஸ்லிப்புக்குக் கூட மெயில் மேல் மெயில் போட வேண்டிவரும். வாடிக்கையாளர் தகவல், கால் ரெக்கார்டிங், டார்கெட் ரிப்போர்ட் எதையும் அனுப்பாதீர்கள். உங்கள் சம்பளக் காகிதம் மட்டும் போதும். மற்றதைத் தொட்டால் தகவல் திருட்டு என்று நடவடிக்கை எடுப்பார்கள்.

2. நியமனக் கடிதத்தில் நான்கு இடங்களைப் படியுங்கள்

நோட்டீஸ் பீரியட்: ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாள்கள். ஏஜென்ட் (கால் பேசுபவர்) நிலையில் பெரும்பாலும் 30 நாள். டீம் லீடர், குவாலிட்டி போன்ற பொறுப்புகளுக்கு 60 அல்லது 90 நாள் வரை போகும். டிரெயினிங்கில் இருக்கும்போதும் புரொபேஷன் முடியும் முன்பும் வேறு கணக்கு இருக்கலாம். அதைத் தனியாகப் பாருங்கள்.

ஈடு: நோட்டீஸ் நாள்களைப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ள அனுமதி உண்டா, அது அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படுமா, மொத்தச் சம்பளத்திலா என்று பாருங்கள். இந்த ஒரு சொல்லால் பணம் இரட்டிப்பாகும். மொத்தம் 20,000, அடிப்படை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் 10 நாள் மட்டும் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பினால் 20 நாள் பாக்கி. மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் 13,333 ரூபாய். அடிப்படையில் கணக்கிட்டால் 6,667.

பாண்ட்: டிரெயினிங் செலவுக்கு ஈடாக இத்தனை மாதம் இருக்க வேண்டும், இல்லையேல் இவ்வளவு கட்ட வேண்டும் என்பது. 'பாண்ட் எல்லாம் செல்லாது' என்று ஃப்ளோரில் (கால் பேசும் ஹாலில்) சொல்வதை நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்றாண்டு வேலை பார்க்காமல் விலகினால் 2 லட்ச ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காகக் கேட்கும் தொகை முழுவதையும் தலையாட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது என்பதே இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவு சொல்வது. என்ன டிரெயினிங், எத்தனை நாள், என்ன செலவு என்று எழுத்தில் கேளுங்கள். பாண்டோடு சேர்த்துத் தொகை எழுதாத செக்கில் கையெழுத்துக் கேட்டால் அந்த வேலையே வேண்டாம்.

போட்டி நிறுவனத்தில் சேரத் தடை: விலகிய பின் இத்தனை மாதம் இதே துறையில் வேலை பார்க்கக் கூடாது என்ற வரி. இதை அடுத்த பகுதியோடு சேர்த்துப் பார்ப்போம்.

3. உங்களை எடுக்க முடியாத இடங்களை முன்கூட்டியே கழித்துவிடுங்கள்

கால் சென்டரில் ஆள் நிற்பதில்லை. மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்துப் பேச்சு, புராசஸ் (செய்ய வேண்டிய வேலை), நெஸ்டிங் (மேற்பார்வையில் கால் பேசிப் பழகுவது) என்று பழக்கிய ஆள் ஃப்ளோருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே போய்விட்டால் கம்பெனிக்கு அந்தச் செலவு முழுக்க நஷ்டம். அதனால்தான் ஆள் எடுப்பதில் பல கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் இவை பாதிதான் தெரியும்.

ஒரே கிளையன்ட்: ஒரு வங்கியோ டெலிகாம் நிறுவனமோ தனக்கு வரும் போன் அழைப்புகளை இரண்டு மூன்று கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும். ஒருவரிடமிருந்து மற்றவர் ஆள் எடுக்கக் கூடாது என்பது கிளையன்ட் போடும் நிபந்தனை. ஆறு மாதம், ஓராண்டு என்று கூலிங் பீரியட் (காத்திருக்க வேண்டிய காலம்) இருக்கும். உங்கள் அனுபவம் அந்த கிளையன்டிலேயே இருப்பதால் அங்கே சுலபமாகக் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். தடையும் அங்கேதான். இன்டர்வியூவின் முதல் சுற்றிலேயே கிளையன்டின் பெயரைச் சொல்லி, தடை உண்டா என்று கேட்டுவிடுங்கள். மறைத்துச் சேர்ந்தால் கிளையன்ட் ஐடி உருவாக்கும்போது பழைய ஐடி காட்டிக்கொடுக்கும். அப்போது பழைய வேலையும் போயிருக்கும்.

பழைய கம்பெனிக்கே திரும்புவது: வெளியே வரும்போது உங்கள் பெயருக்கு எதிரே 'மறுபடி எடுக்கலாம்', 'எடுக்கக் கூடாது' என்று ஒரு குறிப்பு ஏறும். சொல்லாமல் வேலையை விட்டவருக்கு இரண்டாவதுதான். பெரிய கம்பெனிகளில் இது எல்லா ஊர்க் கிளைகளுக்கும் சேர்த்தே பொருந்தும். எலக்ட்ரானிக் சிட்டியில் அப்படி விட்டுவிட்டுச் சென்னைக் கிளையில் முயன்றாலும் தெரிந்துவிடும்.

இன்டர்வியூவில் தோற்றவர்: பல இடங்களில் மூன்று அல்லது ஆறு மாதம் மறுபடி வர முடியாது. எனவே சும்மா போய்ப் பார்ப்போம் என்று தயாரில்லாமல் வாக்-இன் போகாதீர்கள். பிடித்த கம்பெனியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைத்திருந்த காலம்: கடைசி இடத்தில் ஆறு மாதமாவது இருந்தவரைத்தான் அனுபவம் உள்ளவர் என்று கணக்கில் எடுப்பார்கள். ஒரே ஆண்டில் மூன்று இடம் என்றால் சம்பளப் பேச்சுக்கே வர மாட்டார்கள்.

படிப்பு: ரெகுலர் கோர்ஸ் படித்துக்கொண்டிருப்பவரை எடுப்பதில்லை. அரியர் உள்ளவரை எடுக்கும் இடங்கள் உண்டு. எச்ஆரிடம் நேராகக் கேளுங்கள். அரியரை மறைத்து 'பாஸ்' என்று படிவத்தில் எழுதுவது வெரிஃபிகேஷனில் உறுதியாகப் பிடிபடும்.

கேப் (கம்பெனி வண்டி) எல்லை: நம் ஊர்க்காரர்களை நேரடியாகத் தாக்குவது இது. கேப் வரும் தூரத்துக்குள் குடியிருப்பவரை மட்டுமே எடுப்போம் என்பார்கள். ஓசூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கம்தான். ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, வாடகை வண்டிக்குத் தனி பர்மிட்டும் வரியும் வேண்டும். அதனால் பல கம்பெனிகளின் கேப் எல்லையோடு நின்றுவிடும். இரவு இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து எல்லையில் இறங்கி ஓசூருக்கு வண்டி தேடுவது, அதிலும் பெண்கள், நடக்கிற காரியமல்ல. ஓசூர் முகவரிக்குக் கேப் வருமா, வீட்டு வாசலுக்கா பொது இடத்துக்கா என்பதை மெயிலில் கேட்டு வாங்கிய பிறகே சம்மதம் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த வேகத்தில் விலகுகிறவர்களில் பலர் இந்தப் பயணத்தைத் தாங்க முடியாமல் போகிறவர்கள்.

இப்போது அந்தப் போட்டி நிறுவனத் தடை. வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அந்த வரியைக் காட்டி உங்களை வேறு வேலைக்குப் போகவிடாமல் செய்ய முடியாது. அதே நேரம், உங்களை எடுத்தே ஆக வேண்டும் என்று அடுத்த கம்பெனியை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதும் இல்லை. கிளையன்டுக்குப் பயந்து அவர்கள் எடுக்காமல் விட்டால் வழக்குப் போட்டு வேலை வாங்க முடியாது. அதனால்தான் முன்கூட்டியே கழித்துவிடச் சொல்கிறோம்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வரும். மூன்று மொழி பேசும் ஆளுக்குப் பிராந்திய மொழி புராசஸ்களில் நல்ல தேவை. ஆங்கில உச்சரிப்புத் தேர்வில் தேறாமல் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம். ரெஸ்யூமேயின் முதல் வரியிலேயே மொழிகளை எழுதுங்கள், அடியில் தள்ளாதீர்கள்.

4. புது ஆஃபர் உண்மைதானா?

வேலைக்குப் பணம் கேட்டால் மோசடி. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், டிரெயினிங் கட்டணம், யூனிஃபார்ம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதேதான். கம்பெனி டொமைன் மெயிலிலிருந்து வராத ஆஃபர் லெட்டரை நம்பிப் பேப்பர் போடாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது.

தாய்லாந்து, கம்போடியா, மியான்மர், லாவோஸில் 'கால் சென்டர் வேலை, டேட்டா என்ட்ரி வேலை' என்று டூரிஸ்ட் விசாவில் அழைப்பவர்களிடம் போகவே போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து அப்படிப் போனவர்கள் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, ஆன்லைன் மோசடி செய்ய அடித்துக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

5. பேப்பர் போடுவது

கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வந்த பிறகே போடுங்கள். போனில் 'செலக்டட்' என்று சொன்னது கணக்கில்லை. புது இடத்தில் சேரும் தேதியை நோட்டீஸ் முடிந்து ஒரு வாரம் தள்ளி வாங்குங்கள். அந்த ஒரு வாரம் கடைசி நேர இழுபறிக்குத் தேவைப்படும்.

டீம் லீடரிடம் வாயால் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில் இது: 'தம்பி, இப்ப மெயில் போடாத, மாசக் கடைசி முடியட்டும், நானே எச்ஆர்கிட்ட பேசிக்கிறேன்.' அவர் கெட்டவர் என்பதில்லை. டீமிலிருந்து ஆள் குறைவது அவருடைய கணக்கில் ஏறும். ஆனால் உங்கள் நோட்டீஸ் நாள்கள் மெயில் போன தேதியிலிருந்துதான் ஓடும். பேச்சில் போன இரண்டு வாரம் வீண்.

மெயிலில் நான்கு விஷயம் போதும்: இந்தத் தேதியில் ராஜினாமா செய்கிறேன், நியமனக் கடிதப்படி நோட்டீஸ் இத்தனை நாள், என் கடைசி வேலை நாள் இது, ஏற்றுக்கொண்டதை எழுத்தில் தெரிவியுங்கள். காரணமாக 'சொந்தக் காரணம்' என்று மட்டும் எழுதுங்கள். மேனேஜரைப் பற்றிய புகாரை இதில் கலக்காதீர்கள். டீம் லீடர், மேனேஜர், எச்ஆர் மூவருக்கும் ஒரே மெயில், உங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு காப்பி. கம்பெனிக்கு போர்ட்டல் இருந்தால் அதிலும் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

நோட்டீஸ் காலத்தில் லீவ் எடுத்தால் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்பது பல இடங்களில் விதி. காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டோடு அன்றே மெயில். மூன்று நாள் தொடர்ந்து தகவல் இல்லாமல் போனால் 'ஆப்ஸ்காண்டிங்' (சொல்லாமல் ஓடியவர்) என்று கடிதம் வரும் இடங்கள் உண்டு. நோட்டீஸில் இருபத்தைந்து நாள் ஒழுங்காகப் போய்விட்டுக் கடைசி ஐந்து நாள் திருவிழாவுக்கு ஊரில் தங்கிவிடுபவர்கள் இதில்தான் எல்லாவற்றையும் இழக்கிறார்கள்.

6. பணத்துக்கு ஏற்பாடு

கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, விலகும்போது முடிக்கும் மொத்தக் கணக்கோடு சேர்த்துத் தருவது கம்பெனிகளின் வழக்கம். நடைமுறையில் 30 முதல் 45 நாள் இழுக்கும். சட்டம் வேறு மாதிரி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். இதைப் பணிவாக மெயிலில் சுட்டிக்காட்டலாம். ஆனாலும் வீட்டு வாடகையை அதை நம்பி வைக்காதீர்கள்.

புது இடத்திலும் முதல் சம்பளம் தள்ளிப் போகலாம். வருகைக் கணக்கு 20 அல்லது 25ஆம் தேதியோடு முடியும் கம்பெனியில் அதற்குப் பிறகு சேர்ந்தால், அடுத்த மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். இரண்டு மாத பிஜி (தங்கும் விடுதி) வாடகை, சாப்பாடு, பஸ் செலவு கையில் இருந்தால்தான் மாறுங்கள். பிஜிக்கும் ஒரு மாத முன்னறிவிப்பு உண்டு என்பதால் அட்வான்ஸ் போகாமல் பேப்பர் போட்ட அன்றே சொல்லிவிடுங்கள்.

இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) ஒரு பொறி. இந்த மாத உழைப்புக்கு அடுத்த மாதம்தான் வரும், வரும் நாளில் நோட்டீஸில் இருப்பவருக்குக் கிடையாது என்று பாலிசியில் இருக்கும். நாலைந்து நாள் பொறுத்துப் போட்டால் கிடைக்கும் என்றால் பொறுங்கள்.

சம்பளக் கணக்கையும் கவனியுங்கள். சம்பளம் வருவது நின்ற சில மாதங்களில் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடலாம். பிறகு மினிமம் பேலன்ஸ் அபராதம். தேவையில்லை என்றால் பாக்கி எல்லாம் வந்த பிறகு மூடிவிடுங்கள், அதற்கு முன் மூட வேண்டாம்.

7. கடைசி நாள்

ஹெட்செட், ஐடி கார்டு, அக்சஸ் கார்டு, லாக்கர் சாவி. ஒவ்வொன்றையும் கொடுத்ததற்குத் தனித்தனியாகக் கையெழுத்தோ மெயிலோ வாங்குங்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் லேப்டாப், சார்ஜர், யுபிஎஸ் மூன்றின் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து, பெட்டியில் வைத்து மூடுவதையும் படம் எடுங்கள். பென்னாகரம், அரூர், அஞ்செட்டி பக்கத்துக் கிராமங்களுக்கு பிக்கப் ஆள் வரத் தாமதமாகலாம். கம்பெனியிடம் மெயிலில் ஒப்புதல் வாங்கி நீங்களே டவுன் கூரியர் ஆபீசில் கொடுப்பது பாதுகாப்பு. ரசீதை எறிந்துவிடாதீர்கள். பொருள் வரவில்லை என்று சொல்லி மொத்தக் கணக்கில் லேப்டாப் விலையைக் கழிப்பது நடக்கிறது, அன்று அந்த ரசீது ஒன்றுதான் ஆதாரம்.

8. ரிலீவிங் லெட்டர் வரவில்லை என்றால்

ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்த கடிதம்), எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், மொத்தக் கணக்கு விவரம் மூன்றும் வர வேண்டும். தாமதமானால் இரு வாரத்துக்கு ஒருமுறை அதே மெயில் தொடரில் கேளுங்கள். புது எச்ஆரிடம் மறைக்க வேண்டாம். ராஜினாமா ஏற்பு மெயில், கடைசி பேஸ்லிப், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் கொடுத்து அவகாசம் கேட்டால் பல கம்பெனிகள் 30 முதல் 60 நாள் தருகின்றன. ஏற்பு மெயில் இல்லாதவருக்கு இந்த வழியும் இல்லை.

போலி லெட்டர் தயாரித்துத் தரும் கடைகளிடம் போகாதீர்கள். வெரிஃபிகேஷன் ஏஜென்சி நேராகப் பழைய கம்பெனிக்கே மெயில் அனுப்பிக் கேட்கும். பிடிபட்டால் இரண்டு கம்பெனியிலும் தடை.

அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்திருந்தால் திருப்பிக் கேட்டு முதலில் மெயில், பிறகு சேர்ந்ததற்கான ஆதாரம் (ப்ரூஃப் ஆஃப் டெலிவரி) கேட்டு ஸ்பீட் போஸ்ட். அடுத்து வக்கீல் நோட்டீஸ். தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச உதவி கிடைக்கும். போன் எண் 15100. சம்பளப் பாக்கிப் புகாரை ஆபீஸ் இருக்கும் இடத்துத் தொழிலாளர் துறையில்தான் கொடுக்க வேண்டும். பெங்களூரு ஆபீஸ் என்றால் கர்நாடகத் தொழிலாளர் துறை, ஓசூர் ஆபீஸ் என்றால் தமிழ்நாட்டுத் துறை. சொந்த ஊர் தருமபுரி என்பதால் இங்கே கொடுத்தால் அங்கே போகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள்.

9. பி.எஃப்.பை எடுக்காதீர்கள், மாற்றுங்கள்

புது இடத்தில் பழைய 12 இலக்க யுஏஎன் (பி.எஃப்.புக்கு ஒருவருக்கு ஒன்றே தரும்) எண்ணையே கொடுங்கள். 'முதல் வேலை' என்று எழுதி இன்னொரு எண் வாங்கினால் இரண்டையும் இணைக்கப் பின்னால் பாடுபட வேண்டும். இ.எஸ்.ஐ. எண்ணும் அப்படியே தொடரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது உண்டு.

சில வாரம் மட்டும் இருந்துவிட்டு ஓடிய வேலையை ரெஸ்யூமேயில் மறைப்பது இப்போது முடியாத காரியம். ஒரே ஒரு மாதம் பி.எஃப். கட்டியிருந்தாலும் சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த தேதியோடு நிற்கும். வெரிஃபிகேஷன் ஆள்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீங்களே எழுதிவிட்டால் ஒரு கேள்வியோடு முடியும்.

அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,200 ரூபாய். கம்பெனியும் 1,200 போடுகிறது. அதில் 833 பென்ஷனுக்கும் 367 பி.எஃப்.புக்கும் போகும். ஐந்தாண்டு தொடர் சர்வீஸுக்கு முன் எடுத்தால் வருமான வரிக் கணக்கில் சேரும். தொகை 50,000 ரூபாயை எட்டினால் பான் இருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டே தருவார்கள். பென்ஷனுக்குப் பத்தாண்டு சர்வீஸ் வேண்டும் என்பதால், ஆறு மாதம் எட்டு மாதமாக மாறுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் அந்தப் பத்தாண்டு சேரவே சேராது.

மாற்றுவதற்குப் பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே யுஏஎன் போர்ட்டலில் ஆதார் ஓடிபி மூலம் பதியலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியையே போடுங்கள். புது வேலையில் சேர்ந்த தேதிக்கு அது முந்தியதா என்று இருமுறை பாருங்கள். ஒரு நாள் மேலே ஏறினாலும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததாகத் தெரியும், டிரான்ஸ்ஃபரும் நிற்கும். புதுக் கம்பெனியின் முதல் பணம் பாஸ்புக்கில் ஏறியதும் டிரான்ஸ்ஃபர் கொடுங்கள். ஏறவில்லை என்றால் இரண்டாவது சம்பளத்துக்குள் எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.